விளக்குமாற்றுக் கட்டைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இந்த வருடத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நால்வரும் பென்ஷன்காரர்கள். "கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறீர்களாமே, அதற்கு ஏதோ குச்சி வேண்டுமாமே, எது வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சீட்டாட்டக் கிளப்பில் சேர வழி கேட்பவர்கள் மாதிரி அக்கம்பக்கம் வேறு பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய மகன், "இந்த வயசுல உங்களுக்கு என்னப்பா விளையாட்டு" என்று சொல்லிவிட்டானாம். அந்த மகன் கைப்பேசியில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது. அலுவலகக் குறிப்பு எழுதும் பழக்கத்தில் முடிவை முதலில் சொல்கிறேன். நம் வயதுக்காரர்கள் வாங்க வேண்டியது நான்கு அசைவுகளை அறியும் ஒற்றைக் கட்டை ஜாய்ஸ்டிக். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கேம்பேட் வேண்டாம். இருபது, முப்பதாயிரம் ஆகும் சக்கரமும் மிதிகட்டைகளும் வேண்டவே வேண்டாம். நான் விசாரித்தபோது சாதாரண வகை நாலாயிரத்தை ஒட்டியும், நல்ல வகை கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கும் சொன்னார்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ஆனால் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இதற்கு மேல் கொடுப்பது ஆசைக்காக. இதற்குக் கீழே கொடுப்பது, ஆறு மாதத்தில் திரும்பவும் கொடுப்பதற்காக.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்தச் சாமானுக்கு அந்த மொழியில் "மான்ஷ் ஆ பலே" என்று பெயர். நேரடியாகச் சொன்னால் விளக்குமாற்றுக் கட்டை, துடைப்பத்தின் கைப்பிடி. விளையாட்டுச் சாமானுக்கு மட்டுமல்ல, நிஜ விமானத்தில் விமானி பிடிக்கும் கட்டைக்கும் அதே பெயர்தான். வானத்தில் பறக்கிற சங்கதிக்கு வாசல் பெருக்குகிற பெயரா என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். ஆனால் இந்தக் கட்டைக்குப் பெயர் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்தபோது விமானி குப்புறப் படுத்து, இடுப்பை ஒரு தொட்டில் மாதிரியான சட்டத்தில் வைத்து அசைத்து இறக்கையை முறுக்கினார். கையில் தனியாக ஒரு நெம்புகோல். எல்லாவற்றையும் ஒரே கட்டைக்குள் கொண்டுவரும் யோசனைக்கு 1907-ல் காப்புரிமை பெற்றவர் ரொபேர் எனோ-பெல்தெரி என்ற பிரெஞ்சுக்காரர். 1909 ஜூலை 25-ல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய லூயி பிளேரியோ கையில் கட்டையும் காலடியில் குறுக்குக் கட்டையுமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் கட்டைக்குப் பிரெஞ்சில் "பலொனியே". குதிரை வண்டியில் குதிரைக்குப் பின்னால் குறுக்காகக் கட்டும் கட்டையின் பெயர் அது. பெரிய விமானங்களின் கைச்சக்கரத்துக்கு ஆங்கிலத்தில் "யோக்", அதாவது நுகத்தடி. விளக்குமாறு, வண்டிக் கட்டை, நுகத்தடி. பெயர் வைத்தவர்கள் நம் ஊர்ச் சந்தைக்கு வந்து போனவர்கள் மாதிரி இருக்கிறது.

சரி, சாமானுக்கு வருவோம்.

விசைப்பலகையை வைத்தே ஓட்ட முடியாதா என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. ஓட்டலாம். குழல்விளக்குச் சுவிட்சைப் போட்டு அணைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள முடியும் என்றால் அதுவும் முடியும். விசை என்பது உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். ஜாய்ஸ்டிக் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம், அதிகம் சாய்த்தால் அதிகம். ஓடுதளத்தைத் தொடும் கடைசி பத்து விநாடிகளில் விமானத்தின் மூக்கை ஒரு விரல்கடை அளவு தூக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் விசைப்பலகைக்காரர்கள் எல்லோரும் தவளைபோலக் குதித்துக் குதித்துத்தான் இறங்குவார்கள்.

கேம்பேட் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதன் கட்டை கட்டைவிரல் நுனி அளவுதான், அசையும் தூரம் மிகக் குறைவு. பேரனுக்குச் சரி. காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தான் போடவே கட்டைவிரல் முனகும் நமக்கு அது ஒத்துவராது.

கடைக்காரர் முதலில் பொத்தான்களின் எண்ணிக்கையைச் சொல்வார். "பன்னிரண்டு பட்டன் சார்", "பதினாறு பட்டன் சார்" என்று. அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "அச்சு எத்தனை?" என்று கேளுங்கள். விமானத்துக்கு வேண்டியது நான்கு. மூக்கு மேலும் கீழும் போக ஒன்று, இறக்கை இடமும் வலமும் சாய ஒன்று, மூக்கு இட வலமாகத் திரும்ப ஒன்று, இயந்திரத்தின் வேகத்துக்கு ஒன்று. முதல் இரண்டும் கட்டையைச் சாய்ப்பதில் வந்துவிடும். மூன்றாவது, கட்டையைத் திருகு மாதிரித் திருப்புவதில் வரும். நான்காவது, அடிப்பாகத்தில் உள்ள சிறிய நெம்புகோல். இந்த நான்கும் ஒரே சாமானில் இருந்தால் தனியாக மிதிகட்டை வாங்க வேண்டாம். திருப்பும் வசதி இல்லாத கட்டை இருநூறு முந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம், பிறகு அந்த ஒரு அசைவுக்காக மிதிகட்டைக்குப் பல ஆயிரம் போகும். கட்டையின் தலையில் எட்டுத் திசைக்கும் அசையும் ஒரு குமிழ் இருந்தால் நல்லது. சுற்றும்முற்றும் பார்க்க அது உதவும். அதற்கு மேல் உள்ள பொத்தான்கள் எல்லாம் கல்யாண வீட்டில் ஓரமாக நிற்கும் உறவினர்கள்.

இனிமேல்தான் விலையின் ரகசியம். கட்டை எவ்வளவு சாய்ந்தது என்பதைக் கணினிக்குச் சொல்ல உள்ளே ஏதாவது ஒரு உணரி இருக்க வேண்டும். மலிவான வகைகளில் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர். நம் தலைமுறைக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழைய வால்வு ரேடியோவின் வால்யூம் திருகு அதுதான். ஒரு கரிப் பாதை, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு தகடு. சில வருடங்களில் அந்த ரேடியோ என்ன செய்தது? திருகைத் தொட்டாலே கரகரவென்றது. ஜாய்ஸ்டிக்கிலும் அதேதான் நடக்கிறது. காதுக்குப் பதில் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் திரையில் விமானம் நடுங்கும். நம் கைதான் நடுங்குகிறதோ என்று நாம் பயந்துவிடுவோம்.

நல்ல வகையில் உரசலே கிடையாது. ஒரு காந்தத் துண்டு நகர்கிறது, எதிரே உள்ள சில்லு காந்தப் புலத்தின் மாற்றத்தை அளக்கிறது. 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு. அவர் பெயரிலேயே ஹால் சென்சார் என்கிறார்கள். தொடாத ஒன்று தேய்வதில்லை. நம் ஊர்ச் சாலையில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களின் ஆக்சிலரேட்டர் பிடியிலும் பொதுவாக இதே சமாசாரம்தான் இருக்கிறது. டூல் ரூமில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் ரத்தினச் சுருக்கமாகச் சொன்னார்: "சார், எது தேயுமோ அதுக்குத்தான் காசு குடுக்கணும். பளபளப்புக்குக் குடுக்கக்கூடாது."

ஒரு எச்சரிக்கை. "காந்த வகை" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சாய்க்கும் இரண்டு அச்சுகளுக்கு மட்டும் காந்தமும், திருப்பும் அச்சுக்குப் பழைய கரிப்பாதையும் வைத்திருப்பார்கள். கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பேரனைக் கூப்பிட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அவன் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவான், கூடவே நமக்கு ஒன்றும் தெரியாது என்ற முகபாவத்தையும் காட்டுவான். பொறுத்துக்கொள்ளலாம்.

அரசாங்கத்தில் கொள்முதல் கோப்பு பார்த்தவர்களுக்கு எல்-1 என்றால் தெரியும். மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, ஆகக் குறைந்தவருக்குக் கொடுப்பது. தணிக்கைக்குப் பயந்து எல்லோரும் அதைச் செய்தோம். நாற்காலியாக இருந்தால் ஒரு வருடத்தில் கால் ஆடும், ஸ்டேப்ளராக இருந்தால் ஒரு மாதத்தில் வாயைத் திறக்காது. சொந்தக் காசில் வாங்கும்போது எந்தத் தணிக்கையும் இல்லை. அப்படியிருந்தும் நம் ஆட்கள் மனசில் எல்-1 உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நல்ல சாமான் வாங்கிக் கொடுத்தவர்கள், தமக்கு என்று வரும்போது மட்டும் "இது போதும்" என்று மட்டமானதை எடுக்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியாத சிக்கனம் இது.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. ஹோட்டாஸ் என்று ஒரு வகை. ஒரு கையில் கட்டை, மறு கையில் தனியாகப் பெரிய வேக நெம்புகோல், இரண்டிலும் விரலுக்கு விரல் பொத்தான். போர் விமானத்தில் கையை எடுக்காமலே எல்லாம் செய்ய ஏற்பட்ட ஏற்பாடு. நாம் யாரையும் சுடப்போவதில்லை. மெதுவாக ஒரு செஸ்னாவில் ஏறி, ஏரி குளம் பார்த்துக்கொண்டு போய் இறங்குகிறவர்கள். சக்கரம் வைத்ததுதான் "உண்மையான" விமானம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1987-ல் முதல் முறை பறந்த ஏர்பஸ் ஏ-320 விமானத்தில் விமானிக்கு எதிரே சக்கரமே கிடையாது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டைதான். பெங்களூரிலிருந்து நாம் ஏறிப் போகும் விமானங்களில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் ஏராளம். அதனால் நாலாயிரம் ரூபாய்க் கட்டை ஒன்றும் அகௌரவம் இல்லை.

அந்த ஏர்பஸ்ஸில் இடது பக்கம் உட்காரும் கேப்டன் கட்டையை இடது கையால் பிடிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். வலது தோள் இறுகிப்போனவர்கள், வலது மணிக்கட்டில் வலி உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர். சில ஜாய்ஸ்டிக்குகள் வலக்கைக்கு மட்டுமே வளைத்துச் செய்யப்பட்டவை. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ அப்படி. த்ரஸ்ட்மாஸ்டர் டி-16000எம் இரண்டு கைக்கும் மாற்றிக்கொள்ளலாம், முக்கிய அச்சுகளுக்குக் காந்த உணரியும் உண்டு. நான் இந்த இரண்டு பெயர்களைச் சொல்வதற்கு யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. கொடுத்தாலும் பென்ஷன் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று தெரியாது. (வேடிக்கை என்னவென்றால், லாஜிடெக் 1981-ல் தொடங்கியது சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில். த்ரஸ்ட்மாஸ்டர் அமெரிக்காவில் பிறந்து, பிரான்ஸின் கில்மோ நிறுவனத்தின் கைக்குப் போனது. விளக்குமாற்றுக் கட்டை தாய்வீட்டை விடவில்லை.)

எங்கே வாங்குவது? ஓசூரில் கணினிக் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் சிட்டி மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறி, பக்கத்தில் உள்ள எஸ்.பி. ரோட்டில் நுழைய வேண்டியதுதான். அங்கே விலை சொல்வது கன்னடத்தில், குறைப்பது தமிழில், சண்டை வந்தால் இந்தியில். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். பில் இல்லாமல் ஐந்நூறு குறைப்பார்கள். உத்தரவாதமும் அதோடு போய்விடும். அங்கேயே குவித்து வைத்திருக்கும் பழைய கட்டைகளைப் பார்த்து மயங்காதீர்கள். வாலில் 15 ஊசி வைத்த அகலமான சொருகி இருந்தால் அது யு.எஸ்.பி. காலத்துக்கு முந்தியது, இன்றைய கணினியில் சொருக இடமில்லை.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கடைக்காரரின் விண்டோஸ் கணினியில் சொருகச் சொல்லி, "ரன்" கட்டத்தில் ஜாய் டாட் சி.பி.எல். என்று ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும், அதற்குள் ஒரு கூட்டல் குறி. கட்டையைச் சாய்த்துவிட்டுக் கையை எடுங்கள். குறி நடுவுக்கு வந்து சும்மா நிற்க வேண்டும். நின்ற இடத்தில் ஆடினால் வேண்டாம். பிறகு மிக மெதுவாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுங்கள். குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், படிக்கட்டு ஏறுவதுபோல் தாவக்கூடாது. திருப்பும் அச்சையும் இதேபோல் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. புடவைக் கடையில் நாம் காத்திருந்த நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு காரியம். முதலாவது, "டெட் ஜோன்" என்ற அமைப்பு. நடுவில் ஒரு சிறு வட்டத்துக்குள் கட்டை அசைந்தாலும் விமானம் கண்டுகொள்ளாமல் இருக்கச் செய்வது. கை சற்று நடுங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. நூற்றுக்கு ஐந்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொள்ளலாம். பக்கத்திலேயே "சென்சிடிவிட்டி" இருக்கும். அதைக் குறைத்தால் நடுப்பகுதியில் அசைவு மென்மையாகும். இந்த இரண்டையும் தொடாமல், "எனக்குக் கை சரியில்லை, வராது" என்று பெட்டியில் போட்டு மூடிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குச் சரி செய்து கொடுத்த மறுநாள் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, அவர் சாப்பிடக் கூப்பிட்டா இறங்கிட்டு வரேன்ங்கறார்" என்றார்.

இரண்டாவது, உயரம். மேசைமேல் வைத்தால் தோளைத் தூக்கிக்கொண்டு பிடிக்க வேண்டியிருக்கும், அரைமணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். நிஜ விமானத்தில் கட்டை முழங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. தச்சரிடம் சொல்லி இரண்டடி நீளத்தில் ஒரு பலகை வாங்கி, அதன் ஒரு முனையில் ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தி, மறு முனையைத் தொடைக்கு அடியில் கொடுத்து நாற்காலியில் உட்காருங்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்கும் அதே தத்துவம். என் வீட்டில் அதற்கு அரிவாள்மனை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மென்பொருளுக்கு நிறையச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஃப்ளைட்கியர் என்பது இலவசம், தொண்ணூறுகளில் தன்னார்வலர்கள் ஆரம்பித்து இன்றும் வளர்த்து வருகிறார்கள். சுமாரான கணினியிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். மைக்ரோசாப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-லிருந்து வருகிறது. 2020-ல் வந்த பதிப்பிலிருந்து காட்சிகள் பிரமிக்க வைக்கின்றன. ஆனால் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் வேகமான இணையமும் கேட்கும். கட்டை வாங்கும் காசை மிச்சம் பிடித்து அதை வாங்குவதைவிட, இலவச மென்பொருளும் நல்ல கட்டையும்தான் என் சிபாரிசு. தலைசுற்றல் உள்ளவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். 1910 வாக்கில் பிரான்ஸில் ஆந்துவானெத் விமானப் பள்ளியில் ஒரு மரப்பீப்பாயை இரண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, மேல் பாதியில் மாணவனை உட்காரவைத்து, வெளியே ஆட்கள் கழியால் ஆட்டினார்கள். அவன் சக்கரங்களைத் திருப்பி நேராக்க வேண்டும். அதுதான் பாடம். பிறகு அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், அப்பாவின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் வைத்து ஆடும் விமானப் பெட்டி ஒன்றைச் செய்தார். முதலில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். காசு போட்டு ஏறும் பொம்மை. 1934-ல் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் வரிசையாக விபத்துக்குள்ளான பிறகுதான் அமெரிக்க ராணுவம் அந்தப் பெட்டியைத் தேடி வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரமாயிரம் விமானிகள் அந்தத் துருத்திப் பெட்டியில்தான் கற்றார்கள்.

இதை நான் சும்மா வரலாற்றுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் போன வருடம் என்னைப் பார்க்க வந்தார். பிளஸ் டூ முடித்த மகன் பைலட் ஆக வேண்டும் என்கிறான். பயிற்சிக்கு ஐம்பது லட்சத்துக்குப் பக்கம் கேட்கிறார்கள். "அரை ஏக்கரா குடுத்துட்டா ஆயிடும் சார். ஏர்போர்ட் வருதுன்னு நல்ல ரேட்டு சொல்றாங்க. குடுத்துடலாமா?" அவர் அப்பா கிணறு வெட்டிய நிலம் அது.

நான் சொன்னது இரண்டே விஷயம். முதலில் விமானப் போக்குவரத்துத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. கண்ணிலோ காதிலோ இதயத்திலோ தடை இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். அடுத்து ஒரு ஜாய்ஸ்டிக். வீட்டுக் கணினியில் ஓட்டிய மணி நேரம் லைசென்ஸ் கணக்கில் ஒரு நிமிடம்கூடச் சேராது. ஆனால் பையனுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா அல்லது சீருடை பிடித்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். முதல் இரண்டு வாரம் பாலத்துக்கு அடியில் போவது, தலைகீழாகப் பறப்பது, இப்படியே. மூன்றாம் வாரம் நான் ஒரு வேலை கொடுத்தேன். பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து கிளம்பி 4,500 அடி உயரத்தில் தெற்கே போக வேண்டும். (அந்த ஓடுதளமே கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடியை ஒட்டித்தான் இருக்கிறது.) இருபது நிமிடம், உயரம் நூறு அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. வேடிக்கை கிடையாது, சத்தம் கிடையாது, முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நிஜ விமானியின் வேலையில் பெரும்பகுதி அதுதான். பையன் மூன்று முறை கோட்டை விட்டான். நாலாவது முறை செய்தான். அதற்குப் பிறகு வாரா வாரம் வானிலையை மோசமாக்கிக் கேட்டான், காற்றைப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னான். மருத்துவச் சான்று வாங்கிவிட்டான். இப்போது ரேடியோவில் பேசும் விதிமுறைகளை நோட்டுப் போட்டுப் படிக்கிறான். விமானத்தைவிட, கட்டுப்பாட்டுக் கோபுர வேலை பற்றித்தான் அதிகம் கேட்கிறான். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும், ஆனால் அரை ஏக்கர் வேண்டாம். அப்பாவும் பிள்ளையும் இன்னும் முடிவு செய்யவில்லை. நிலம் இன்னும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

ஏர்போர்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். பெங்களூர் கெம்பேகௌடா விமான நிலையத்துக்காகப் போட்ட ஒப்பந்தப்படி, அது 2008-ல் திறந்ததிலிருந்து 25 வருடத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் இன்னொரு பெரிய விமான நிலையம் வருவதற்குத் தடை இருக்கிறது. 2033 வரை. அப்போது எனக்கு எண்பது தாண்டியிருக்கும். ஆனால் விமானம் இந்த ஊருக்குப் புதிதல்ல. தளி சாலையில் பேலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்த ஓடுதளம் இருக்கிறது. இத்தாலிய வடிவமைப்பான பி-68 என்ற ஆறு இருக்கை விமானத்தைத் தொண்ணூறுகளில் அங்கே தயாரித்தார்கள். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று.

அப்படிப்பட்ட ஊரில் விற்கும் ஜாய்ஸ்டிக் ஒன்றுகூட இங்கே செய்ததாக நான் பார்க்கவில்லை. நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் எல்லாம் சீனா என்றுதான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் வார்ப்பு, ஒரு சுருள்வில், காந்தம், ஸ்கூட்டர் பிடியில் இருக்கும் அதே சென்சார், ஒரு சின்னச் சர்க்யூட் பலகை, வயர். மூக்கண்டப்பள்ளியில் சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் இதில் ஒவ்வொன்றையும் செய்யத் தெரிந்த பட்டறை கண்ணில் படும். டூல் ரூம் நண்பரிடம் கேட்டேன். "அச்சு போட லட்சக்கணக்கில ஆகும் சார், வருஷத்துக்கு எத்தனை பேர் வாங்குவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. கணக்கில் அவர்தான் ஜெயிக்கிறார். ஆனால் பாலிடெக்னிக் மாணவர்கள் வருடா வருடம் செய்முறைத் திட்டம் என்று தானாக எரியும் விளக்கையும் தண்ணீர்த் தொட்டி மணியையும் செய்து காட்டுகிறார்களே, அதில் பத்துப் பேர் இதைச் செய்யட்டும். அச்சு வேண்டாம், முப்பரிமாண அச்சியந்திரத்தில் உடம்பைச் செய்துகொள்ளலாம். விலைக்கு விற்க வேண்டாம், அரசுப் பள்ளிக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கட்டும். ஐம்பது லட்சத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் ஒரு தடவை அந்தக் கட்டை வர வேண்டும் என்பது என் ஆசை. நண்பர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சுருள்வில்லை மட்டும் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கேள்வி கேட்ட நால்வருக்கும் ஒரு வார்த்தை. வாங்குவதற்கு முன்பு பிடித்துப் பார்க்க விரும்பினால் என் வீட்டுக்கு வரலாம். காலை பத்து மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன்பு. ஞாயிறு வேண்டாம், பையன் உட்கார்ந்திருப்பான். படிக்கும் கண்ணாடியைக் கொண்டுவாருங்கள், விமானத்தின் முள்கள் பொடியாகத்தான் தெரியும்.